தாத்தா பண்ணின பிள்ளையார்

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு என் பெண் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு திருச்சிக்கு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாள் சாயங்காலம் அவளையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் ஓர் அம்மாள் மர அச்சில் களிமண்ணை அடைத்து, ஒரு தட்டுத் தட்டி, பிள்ளையாரைப் பலகையில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையாருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "எனக்குக் கொஞ்சம் மண்ணு மட்டும் தருவீங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒரு பெரிய உருண்டையை வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வேலை செய்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தும்பிக்கை மொந்தன் வாழைக்காய் மாதிரி இருந்தது. ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது. தொப்பையே இல்லை. கேட்டதற்கு, "இன்னும் கொழுக்கட்டை சாப்பிடலையே தாத்தா" என்றாள்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் கணக்கு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதின நோட்டைத் திருத்தியே பழகின கை. "கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தும்பிக்கையை வளைத்தேன், காதைச் சமன் செய்தேன், தொப்பை வைத்தேன், குன்றிமணியில் கண் பதித்தேன். இருபது நிமிஷத்தில் பிள்ளையார் லட்சணமாக இருந்தார். அவள் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்த என் மனைவி, "நீ பண்ணின பிள்ளையாரைக் கொண்டு வாடி கண்ணு" என்றாள். பேத்தி மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அது தாத்தா பண்ணினது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. நோட்டில் பெயரை அடித்து எழுதுவதுபோல், உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவ்வளவுதான். என் பெண் என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.

இந்த ஒரு வருஷமாக அந்த வார்த்தையை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதினால் இளம் பெற்றோர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது நாம்தான்.

என் கட்சி இதுதான். இன்றைக்குப் பண்டிகை என்றால் குழந்தைகளுக்குச் செய்வதற்கு ஏகப்பட்டது இருக்கிறது. 'ஆக்டிவிட்டி' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் குழந்தை செய்யும் அந்தச் சாமான் இல்லாவிட்டால் பண்டிகைக்கு ஒரு குறையும் இல்லை. நாம் சின்ன வயதில் செய்தவை கொஞ்சம்தான். ஆனால் நாம் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுபோகும்.

மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிள்ளையார் சதுர்த்தியன்று விடிகாலையில் எருக்கம்பூ பறித்து வர வேண்டியது என் பொறுப்பு. வாய்க்கால் ஓரம், இடுகாட்டுப் பாதை, ரயில் பாதைச் சரிவு என்று எங்கெங்கே செடி இருக்கிறது என்பது மனப்பாடம். பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அம்மா பத்துத் தடவை சொல்லி அனுப்புவாள். பறித்து வந்து, காம்பைக் கிள்ளி, வாழைநாரில் நானும் அக்காவும் கோப்போம். ஒரு வருஷம் நான் தூங்கிவிட்டேன். அன்று பிள்ளையார் எருக்கமாலை இல்லாமல்தான் இருந்தார். அப்பா திட்டவில்லை. ஆனால் நைவேத்தியத்தின்போது, வெறும் கழுத்தோடு இருந்த பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வருஷம் நாலு மணிக்கே எழுந்துவிட்டேன்.

கார்த்திகைக்கு மாவளி. இதைப் பார்த்தே இராதவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்பனையில் வருகிற பூக்கதிர்களைக் காய வைத்துச் சேர்க்க வேண்டும். பள்ளம் தோண்டி அதில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடுவதற்கு முன் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். அந்தச் சமயம் பார்ப்பதில்தான் சூட்சுமமே. சீக்கிரம் மூடினால் வேகாது, தாமதித்தால் வெறும் சாம்பல். மறுநாள் தோண்டினால் கரி கிடைக்கும். அதை அம்மியில் மை மாதிரி அரைத்து, பழைய வேட்டித் துணியில் நீளப் பை தைத்து, இறுக்கித் திணித்து நூலால் சுற்றிக் கட்டுவோம். பச்சைப் பனைமட்டையைக் கீறி அதன் நடுவில் இந்தப் பொட்டலத்தைச் செருகி, முனையில் கயிறு. ராத்திரி கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தியதும், பொட்டலத்தின் முனையில் நெருப்பு வைத்துச் சுற்றினால் தலையைச் சுற்றிப் பொன் மழை கொட்டும். சிவகாசி மத்தாப்பு அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். கரியை அரைத்தவள் என் அக்கா. பை தைத்தவளும் அவள்தான். சுற்றியது நானும் என் அண்ணனும். பெண்பிள்ளைக்கு என்ன மாவளி என்று பாட்டி விடவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். எங்கள் தெருவுக்கு மண் பிள்ளையார் கொண்டுவந்த வேளாரின் மகன் என் வகுப்பில் படித்தான். ஆடி பிறந்தால் அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் வரமாட்டான். மண் மிதிக்கவும் அச்சுத் தட்டவும் வீட்டில் ஆள் போதாது. எனக்குக் களிமண் விளையாட்டு, அவனுக்கு அது சோறு. அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

பிழைப்பு என்னை 1977-இல் டில்லிக்கு இழுத்துப்போனது. ஆறு வருஷம் கரோல்பாகில் குடியிருந்தோம். அங்கே அப்போது தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் பழைய வேட்டிகளில் சுற்றி வந்த பொம்மைகளை வைத்து, ஒன்றரை அறை வீட்டில் ஐந்து படிக் கொலு வைப்போம். அதே ஒன்பது ராத்திரிகளில், ரோத்தக் பக்கத்திலிருந்து வந்த என் அலுவலக நண்பரின் கிராமத்தில் பெண்குழந்தைகள் வேறொன்று செய்வார்கள். அதற்கு சாஞ்சி என்று பெயர். ஒரு தசராவுக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வாரக்கணக்கில் முன்பாகவே களிமண்ணில் நட்சத்திரம், பிறை, வளையல், கைகால் எல்லாம் சின்னச் சின்னதாகப் பிடித்து வெயிலில் காய வைத்து வர்ணம் பூசுவார்களாம். நவராத்திரி தொடங்கும்போது வீட்டுச் சுவரில் சாணியால் அவற்றை ஒட்டி ஒரு தேவி உருவம் எழுப்புகிறார்கள். தினம் சாயங்காலம் தெருவின் பெண்குழந்தைகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கு முன்னாலும் பாட்டுப் பாடுகிறார்கள். நம் ஊரில் கொலுவுக்கு அழைக்கப் போகிற மாதிரியேதான், பாவாடை சட்டைக்குப் பதில் சல்வார். தசராவன்று சுவரிலிருந்து எடுத்து, ஓட்டை போட்ட பானைக்குள் விளக்கோடு வைத்துக் குளத்தில் மிதக்க விடுகிறார்கள். அக்கரையில் பையன்கள் குச்சியோடு காத்திருக்கிறார்கள், பானையை உடைப்பதற்கு. அங்கேயும் செய்வது பெண், உடைப்பது பையன். அக்காவுக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன்.

நான் பார்த்த சாஞ்சிகளில் ஒன்றுகூட அழகாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மூக்கு கன்னத்தில் இருந்தது. ஆனால் பெரிய பாட்டிகள் அதன் முன்னால் நிஜமாகவே கும்பிட்டார்கள். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு சர்தார்ஜி குடும்பம். அவருடைய அம்மாவைத் தெருவே பீஜி என்று கூப்பிடும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். லாகூர்ப் பக்கத்திலிருந்து பிரிவினையில் வந்தவர். என் மனைவிக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருந்தும் இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தீபாவளி. சீக்கியர்களுக்கு அது 'பந்தி சோர் திவஸ்', விடுதலை நாள். ஆறாவது குருவான ஹர்கோபிந்த் ஜகாங்கீர் காலத்தில் குவாலியர் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலை வந்தபோது, தன்னோடு சிறையில் இருந்த 52 ராஜாக்களையும் விட்டால்தான் வெளியே வருவேன் என்றாராம். உன் அங்கியைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் வர முடியுமோ அத்தனை பேர் வரலாம் என்று உத்தரவாயிற்று. குரு 52 குஞ்சம் வைத்த அங்கி ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு குஞ்சமாகப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள் என்பது கதை. பீஜி கதையைச் சொல்லிவிட்டுச் சும்மா விடவில்லை. பழைய துப்பட்டாக்களைக் கொண்டுவந்து போட்டார். தெருக் குழந்தைகள் உட்கார்ந்து பட்டை பட்டையாகக் கிழித்து, எண்ணி எண்ணி ஒரு பழைய கம்பளிச் சால்வையின் ஓரத்தில் முடிந்தார்கள். 49-இல் ஒருவன் எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிக்கல். இருந்த குழந்தைகள் 13 பேர். ராஜாக்கள் 52. ஒரு பையன் வாசல்படியில் உட்கார்ந்து கரித்துண்டால் கணக்குப் போட்டு, ஆளுக்கு நாலு குஞ்சம் என்று தீர்ப்புச் சொன்னான். என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. நாலு ராஜாக்களைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கினாள். இன்றைக்கும் நாலு பதின்மூன்று எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

அந்த 1982-ஆம் வருஷம் குரு நானக் ஜயந்திக்கு பீஜி அவளைத் தன்னோடு குருத்வாராவுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். லங்கர் சமையல்கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி இட்டுக்கொண்டிருந்தார்கள். பீஜி அவள் தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, கையைக் கழுவச் செய்து, ஒரு உருண்டை மாவும் குழவியும் கொடுத்தார். அவள் இட்ட ரொட்டி எந்த உருவத்திலும் சேராது. இலங்கை வரைபடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கப் போனேன். பீஜி என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பிறகு அந்த ரொட்டியை எடுத்து, திருத்தாமல், மடிக்காமல், அப்படியே கல்லில் போட்டுவிட்டார். ஒரு பக்கம் உப்பியது, ஒரு பக்கம் கருகியது. மற்ற ரொட்டிகளோடு கூடைக்குள் போயிற்று.

என் பெண் கூடையின் பின்னாலேயே ஓடினாள். பந்தியில் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி போடுகிறவர் 'பர்ஷாதா, வாஹேகுரு' என்று சொல்லிக்கொண்டே போக, ஒவ்வொருவரும் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார்கள். இலங்கை ஒரு வயசான மனிதரின் கையில் விழுந்தது. ரிக்ஷா இழுப்பவராக இருக்கலாம், அழுக்குத் தலைப்பாகை. அவர் அதைப் பருப்பில் தொட்டுத் தின்று முடிக்கும்வரை என் பெண் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தின்று முடித்ததும் என்னிடம் ஓடிவந்து, "அப்பா, அந்தத் தாத்தா முழுசாச் சாப்பிட்டுட்டார்" என்றாள். நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. டில்லி என்றால் அவளுக்கு நினைவில் இருப்பது குதுப்மினார் இல்லை, அந்த ரொட்டிதான்.

அந்தச் சமூகத்தில் குழந்தைகளைச் சமையல்கூடத்துக்குள் விடுவதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். செருப்புக் காக்கும் இடத்தில் பத்து வயதுப் பையன் டோக்கன் கொடுப்பான். ஜூன் மாதத்து வெயிலில், 1606-இல் லாகூரில் உயிர்நீத்த ஐந்தாவது குரு அர்ஜன் தேவின் நினைவாகத் தெருமுனைகளில் ரோஜா சர்பத்தும் பாலும் கலந்த குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார்கள். சபீல் என்று சொல்வது. பஸ்ஸை நிறுத்தி டம்ளர் நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் டவுசர் போட்ட பையன்கள். ஒருவேளை அவர்களுடைய குருக்களில் ஒருவரே குழந்தையாக இருந்ததும் காரணமோ என்னவோ. எட்டாவது குரு ஹர்கிருஷன் ஐந்து வயதில் குருவானார். 1664-இல் டில்லியில் பெரியம்மை பரவியபோது அங்கே இருந்து, நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த நோயிலேயே எட்டு வயது முடிவதற்குள் போய்விட்டார். அவர் தங்கியிருந்த மாளிகை இருந்த இடத்தில்தான் இன்று பங்களா சாஹிப் குருத்வாரா நிற்கிறது. டில்லிக்கு யாத்திரை போகும் நம்மவர்கள் பலர் அங்கே சாப்பிட்டிருப்பீர்கள்.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். என் பெண் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பேத்தியின் பள்ளியில் தீபாவளிக்கு முன் 'தியா' அலங்காரம், லோடிக்கு ஐஸ்கிரீம் குச்சியில் காகித நெருப்பு, கிருஷ்ண ஜயந்திக்கு மயிலிறகு ஒட்டின கிரீடம், பிள்ளையாருக்கு ஒரு முகமூடி. நம் சின்ன வயதில் லோடியையும் குருநானக்கையும் யார் நமக்குச் சொன்னார்கள்? எல்லாப் பண்டிகையையும் கொண்டாடுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாமான் எல்லாம் ஒரு பெட்டியில் வருகிறது. வெட்டின காகிதம், அளந்த பசை, எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்குப் புள்ளி போட்ட அட்டை. முப்பது குழந்தைகள் செய்தாலும் முப்பதும் ஒன்றே. அதிலும் வீட்டுப்பாடமாக வந்தால் செய்வது அம்மா. ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் பெண் தெர்மாகோலை வெட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை தூங்கிப்போய்விட்டதாம். அதற்கு வகுப்பில் 'எக்ஸலண்ட்' போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை.

நெஜமான லோடியில் பஞ்சாபிக் குழந்தைகள் கும்பலாக வீடு வீடாகப் போய், துல்லா பட்டியின் பாட்டைப் பாடி, விறகும் வறட்டியும் எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் வசூல் செய்வார்கள். கொடுக்காத வீட்டைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு உண்டு. ஜனவரி 13 ராத்திரி கரோல்பாகில் எங்கள் கதவையும் தட்டுவார்கள். குழந்தைகள் விறகு சேர்த்தால்தான் தெருவில் நெருப்பு. நம் போகி நெருப்பும் அதே சமயத்தில்தான் என்பதைச் சொன்னபோது பீஜிக்கு அப்படி ஒரு சிரிப்பு. ஐஸ்கிரீம் குச்சியில் செய்த காகித நெருப்பில் யாரும் குளிர்காய முடியாது.

என் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை விடவில்லை. "அப்பா, உங்க மாவளியைப் பன்னிரண்டாவது மாடி பால்கனியில் சுத்தச் சொல்றீங்களா? நானும் அவரும் வீட்டுக்கு வர்றதே ஏழரை மணி. களிமண்ணுக்கு எங்கே போறது? பெட்டி வாங்கினாலாவது அவ அரை மணி நேரம் கையால ஏதோ செய்யறா. இல்லேன்னா அதுவும் இல்லை." நியாயம்தான். எங்கள் தெருவிலேயே மாவளிப் பொறி பட்டு ஒரு பையனுக்குப் புருவம் போயிற்று. வேலைக்குப் போகும் பெண்ணின் நேரத்தின்மேல் ஓய்வூதியக்காரன் உபதேசம் செய்வதைப்போல் அபத்தம் வேறில்லை.

ஆகவே மாவளியைத் திரும்பக் கொண்டுவா என்று நான் யாரையும் கேட்கவில்லை. பெட்டி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பண்டிகைக்கு ஒரு வேலை, ஒன்றே ஒன்று, அந்தக் குழந்தையின் பேரில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். கார்த்திகைக்குத் திரி போட்டு எண்ணெய் விடுவது அவள் வேலை என்றால், அவள் மறந்தால் அன்று விளக்கு கால் மணி நேரம் தாமதமாகட்டும். ஓடிப்போய் நாம் ஊற்றிவிடக் கூடாது. கிருஷ்ணன் கால் அவள் கையால் போட்டால் ஒரு கிருஷ்ணனுக்கு ஆறு விரல் இருக்கும். இருக்கட்டுமே. சுண்டல் பொட்டலம் மடிப்பது, வாசல் கோலத்தில் ஒரு மூலை, வந்தவர்களுக்குக் குங்குமம் நீட்டுவது எல்லாம் பன்னிரண்டாவது மாடியிலும் நடக்கும். 2023-இல் திருக்கார்த்திகை நவம்பர் 26, குரு நானக் ஜயந்தி 27. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் அகல் ஏற்றின குழந்தை மறுநாள் பக்கத்து குருத்வாராவில் ஒரு ரொட்டி இட்டிருக்கலாம். அங்கே நீ யார், எந்த மதம் என்று கேட்கமாட்டார்கள். தலையை மூடிக்கொள், கையைக் கழுவு, அவ்வளவுதான்.

போட்டி வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். எங்கள் அடுக்ககத்திலும் 'சிறந்த குழந்தைக் கொலு'வுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். நானே ஒரு வருஷம் நடுவராக இருந்தேன். முதல் பரிசு வாங்கின வீட்டில் குழந்தை கொலுவைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தும் மதிப்பெண் போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். புகைப்படம் இன்னொரு தொல்லை. குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே கோணல் நிமிர்த்தப்படுகிறது. நான் தும்பிக்கையை வளைத்ததும் பாதி அதற்காகத்தான். மாலையில் என் சம்பந்திக்கு அனுப்பினேன். "பேத்திக்கு என்ன கைவண்ணம்!" என்று பதில் வந்தது. நான் திருத்தவில்லை.

இந்த வருஷம் தசரா விடுமுறைக்கு வந்தார்கள். கொலுப் படிக்குப் பக்கத்தில் பார்க் வைக்கும் இடத்தை அவளுக்கு ஒதுக்கிவிட்டோம். நானும் மனைவியும் அந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை என்று ஒப்பந்தம். மணல் கொட்டிக் கேழ்வரகும் கடுகும் விதைத்தாள். கடுகு மூன்றாம் நாள் வந்துவிட்டது. கேழ்வரகுக்குத் தண்ணீர் அதிகமாகி ஒரு மூலை அழுகிப்போனது. அவள் அதற்கு 'சதுப்பு நிலம்' என்று பெயர் வைத்து ஒரு பிளாஸ்டிக் முதலையை விட்டாள். வந்த மாமிகள் சிரித்தார்கள். ஒருவர், "ஏன் மாமா, நீங்க கொஞ்சம் சரி பண்ணித் தரக் கூடாதா?" என்று என்னையே கேட்டார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சுண்டல் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் என் பெண் அவளுக்கு ரொட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் மிச்சமிருந்த களிமண்ணில் விரல் அளவுக்கு ஏழெட்டு ஆட்களைப் பிடித்து, கீழ்ப்படியில் அரிசி பருப்போடு உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைக்கு எதிரே வரிசையாக உட்கார வைத்தாள். எல்லாருக்கும் முன்னால் ஆளுக்கொரு மாவிலைத் துண்டு. செட்டியார் கடையில் சாமான் வாங்கி எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறார்களாம். மேலே தசாவதாரமும் இராமர் பட்டாபிஷேகமும் இருக்க, கீழே கொலுவிலேயே ஒரு லங்கர்.

நாலாவது ஆளின் தலை மட்டும் ஒரேயடியாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது. என் கை தானாக நீண்டது. பாதி வழியில் இழுத்துக்கொண்டு, "இவருக்கு ஏம்மா கழுத்து இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அவர் பக்கத்து இலையில என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கறார், தாத்தா."

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.